இராக்கம்மா எழுந்து நின்ற கதை

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இராக்கம்மா சாக்ஸபோன் வாசிப்பார் என்று சொன்னால், பதுளையில் இன்னும் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். மீதிப் பேர், "யார், அந்தத் தொரை ஸோலோ இராக்கம்மாவா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு முக்கால்வாசிப் பொறுப்பு என்னுடையது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரன். கணிதம் படிப்பிக்கப் பதுளைக்கு வந்து இருபத்தேழு வருடமாகிறது. வார நாட்களில் பின்னங்களோடு மல்லுக்கட்டுவேன். சனி, ஞாயிறுகளில் பியானோவோடு. எங்கள் குழுவின் பெயர் 'ஊவா ஸ்விங்'. பதினொரு பேர். தலைவர் ஜெஸீம் நானா, பொலிஸ் வாத்தியக் குழுவில் முப்பது வருடம் ட்ரம்பெட் ஊதி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதான், அதட்டுவதிலிருந்து அல்ல.

ஸ்விங் என்பது எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஆடுகிறவர்களுக்காக வாசித்த ஜாஸ் இசை. இங்கே வெள்ளைக்காரத் துரைமார் அதை இசைத்தட்டுகளில் கொண்டுவந்து தங்கள் கிளப்புகளில் ஆடினார்கள். அவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். கிளப்புகளும் வழுவழுப்பான பலகைத் தரைகளும் மிஞ்சின. இப்போது அதே தரையில் நம் நாட்டுத் துரைமாரும் எல்ல மலைப்பகுதியைப் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களும் ஆடுகிறார்கள், நாங்கள் வாசிக்கிறோம்.

ஸ்விங் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஊதுகிறவர்கள் எல்லோரும் கதிரையில் உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். ஒருவர் எழுந்து நின்றால், அடுத்த சுற்று அவருடையது என்று அர்த்தம். மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்து வழிவிட வேண்டும். நின்றவர் தாளில் எழுதாததை, தன் மனதில் தோன்றியதை வாசித்து முடித்துவிட்டு உட்காருவார். இதைத்தான் ஸோலோ என்கிறோம்.

தோட்டத்திலும் ஒரு வழக்கம் உண்டு. தொரை, அதாவது தோட்டத்தை நடத்தும் அதிகாரி, வந்தால் உட்கார்ந்திருக்கக் கூடாது. எங்கேயும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. இப்போது எழுந்து நிற்கும்படி யாரும் கேட்பதுகூட இல்லை. இராக்கம்மாவுக்கு ஆறு வயதிருக்கும்போது கேட்டார்கள். ரோட்டோரக் கற்கட்டின் மேல் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாராம். ஜீப் சத்தம் கேட்டதும் அவருடைய அம்மா பேச்சாயி, முதுகில் கொழுந்துக் கூடையோடு ஓடிவந்து, "எந்திரிடி, தொர வர்றாரு!" என்று புஜத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாராம். கொய்யாப்பழம் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டது. கை இரண்டு நாள் வலித்தது.

"அதுக்கப்பறம் ஜீப்பு சத்தம் கேட்டா, மூளைக்கு முன்னாடி முழங்காலு எந்திரிச்சிருங்க சேர்" என்று இராக்கம்மா ஒருமுறை என்னிடம் சொன்னார்.

சாக்ஸபோன் அவர் கைக்கு வந்தது பஸ் தாமதமானதால்தான். உயர்தர வகுப்புப் படிக்க லுணுகலையிலிருந்து தினமும் பதுளைக்கு வந்துபோனார். பாடசாலைக்கு யாரோ வெளிநாட்டிலிருந்து பழைய வாத்தியங்கள் அனுப்பியிருந்தார்கள். பங்கிடும் காலையில் பஸ் வழியில் நின்றுவிட்டது. இராக்கம்மா போய்ச் சேர்வதற்குள் புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாம் பறந்துவிட்டன. விரலால் அழுத்தும் சாவிகளில் ஒன்று ரப்பர் வளையத்தால் கட்டப்பட்ட, வாயில் நசுங்கல் உள்ள ஆல்டோ சாக்ஸபோன் மட்டும் மேசையில் கிடந்தது. "வேணுமா?" என்று கேட்டார்களாம். வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வரிசை வீட்டில், பத்தடிக்குப் பத்தடி அறையில் அதை ஊதினால் என்ன ஆகும்? ஆறு காம்பராவிலிருந்தும் ஆட்கள் வந்து பேச்சாயியிடம் முறையிட்டார்கள். யாரோ மாடு ஈன்றுவிட்டதா என்று கேட்டுக்கூட வந்தார்கள். ஆகவே இராக்கம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்விடுவார். தகரக் கூரை, மூன்று பக்கமும் திறந்த வெளி, நாலா பக்கமும் தேயிலை. அங்கே தன் சத்தம் தனக்கே திரும்பி வருவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எந்தச் சுரம் சரி, எது கோணல் என்று பிடித்துக்கொண்டார்.

உயர்தரத்தில் ஒரு பாடம் கைவிட்டது. பிறகு கல்யாண பேண்ட் செட்டுகளில் வாசித்தார். பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பகல் சாப்பாடு ஊட்டித் தூங்கவைக்க வேண்டும். பதினெட்டுக் குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்கவைப்பது எந்தத் தாலாட்டாலும் ஆகிற காரியமில்லை. இராக்கம்மா தானாகவே ஒரு மெட்டு உண்டாக்கினார். மூன்று சுரம் மேலே, ஒன்று கீழே, பிறகு ஒரு நீண்ட மூச்சு. சாக்ஸபோனின் வாய்க்குள் ஒரு துவாலையைத் திணித்துக்கொண்டு அதை வாசிப்பார். இரண்டு நிமிடத்தில் காம்பராவே தூக்கத்தில் கவிழ்ந்துவிடுமாம்.

2012இல் லுணுகலையில் ஒரு கல்யாண வீட்டில் அவர் வாசித்ததை ஜெஸீம் நானா கேட்டார். சோற்றுக் கையோடு எழுந்து போய், "மகள், எங்கட செட்டுக்கு வாறீங்களா?" என்று கேட்டுவிட்டார். எங்களுக்கு இரண்டாவது ஆல்டோ தேவைப்பட்டது. இரண்டாவது ஆல்டோ என்பது கறியில் போட்ட பெருஞ்சீரகம் மாதிரி. இருப்பது தெரியாது, இல்லாவிட்டால் என்னவோ குறையும். முதலாவது ஆல்டோவுக்குத்தான் மெட்டு, ஸோலோ எல்லாம். அந்தக் கதிரையில் மபாஸ் இருந்தான், மருந்துக் கடைக்காரன், கெட்டிக்காரன்.

"உங்களுக்கு ஸோலோ இல்ல. எழுதினத மட்டும் வாசிங்க. எழும்ப வேண்டாம்" என்று நானா முதல் நாளே சொல்லிவிட்டார். இராக்கம்மாவும் நிம்மதியாகத் தலையாட்டினார்.

முதல் நிகழ்ச்சி பெரகலச் சந்திக்கு மேலே இருக்கும் ஒரு தோட்டக் கிளப்பில். வருடாந்தத் தேநீர் நடனம். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கும். மூன்றாவது பாட்டின் நடுவில், மேடைக்கு நேரெதிரே இருந்த கதவைத் திறந்துகொண்டு ஒருவர் உள்ளே வந்தார். இராக்கம்மாவின் தோட்டத்துத் தொரை.

இராக்கம்மா எழுந்து நின்றார். வாயில் சாக்ஸபோனோடு, வாசித்துக்கொண்டே, விறைப்பாக.

நானா திடுக்கிட்டார். ஆனால் முப்பது வருடப் பழக்கம். ஒருவர் எழுந்தால் வழிவிட வேண்டும். கையைத் தாழ்த்திக் காட்டினார். மொத்தக் குழுவும் அடங்கியது. மண்டபத்தில் இராக்கம்மாவின் சாக்ஸபோன் மட்டும் தனியாக நின்றது. அவருக்கு அப்போதுதான் என்ன நடந்துவிட்டது என்று புரிந்திருக்கும். உட்கார்ந்திருக்கலாம். எப்படி உட்காருவது? தொரை இன்னும் உட்காரவில்லையே! அந்த மனிதர் கதவுக்குப் பக்கத்தில் யாரோ பழைய நண்பரைக் கண்டு, தோளைத் தட்டி, மழையைப் பற்றியும் விலையைப் பற்றியும் நின்ற நிலையில் பேச ஆரம்பித்துவிட்டார்.

தாளில் இருந்த சுரங்கள் தீர்ந்தன. இராக்கம்மா பிள்ளைக் காம்பரா மெட்டை எடுத்தார். மூன்று மேலே, ஒன்று கீழே. அதைத் திருப்பினார், நறுக்கினார், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வைத்தார். குழந்தைகளைத் தூங்கவைத்த அதே மெட்டு, ஆடிக்கொண்டிருந்தவர்களின் கால்களை எழுப்பிவிட்டது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. தொரை உட்கார்ந்தார். அடுத்த கணம் இராக்கம்மாவும் தொப்பென்று உட்கார்ந்தார். கிளப்பே கை தட்டியது. தொரை தனக்குத்தான் என்று நினைத்து லேசாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

இடைவேளையில் நான்தான் கேட்டேன். "ஏன் பிள்ளை எழும்பினனீர்? நானா வேண்டாமெண்டு சொன்னவரெல்லோ?"

"எங்க தொர வந்துட்டாருங்க சேர். அதான்."

சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். இராக்கம்மாவும் சிரித்தார். அன்றைக்கே அதற்குத் 'தொரை ஸோலோ' என்று பெயர் வைத்தவன் அடியேன். நான் ஆசிரியன், ஒரு நல்ல கதை கிடைத்தால் வகுப்புக்கு வகுப்பு சொல்லியே பழகியவன். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், ஒவ்வொரு தேநீர்க் கோப்பைக்கும், புதிதாக ஒருவர் கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவேன்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் இராக்கம்மா எழுந்து நிற்கவே இல்லை. நானா இரண்டு மூன்று முறை ஸோலோ கொடுத்துப் பார்த்தார். "வேண்டாங்க" என்று பிடிகொடுக்காமல் நழுவிவிட்டார். வராமல் இருந்ததில்லை, பிந்தியதில்லை. 2022இல் நாட்டில் எதுவும் கிடைக்காமல் போனபோது, சாக்ஸபோன் வாயில் வைக்கும் ரீட் என்ற நாணல் துண்டும் கிடைக்கவில்லை. மபாஸ் வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டான். இராக்கம்மா மூங்கிலைச் சவர பிளேட்டால் சீவிப் பார்த்தார், வாத்துப் போலக் கத்தியது. ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டிப் பார்த்தார், பரவாயில்லை. ஒரு வருடம் அந்த மூடியால்தான் எங்கள் சாக்ஸபோன் வரிசை மானத்தைக் காப்பாற்றியது. அப்போதும் அவர் இரண்டாவது கதிரையில்தான்.

போன வருடம் மபாஸுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது. பஸார் வீதித் துணிக்கடை மாடியில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் அறையில் நானா எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"முதலாவது கதிர இராக்கம்மாவுக்கு. ஆனா ஸோலோவுக்கு எழும்பி வாசிக்கணும். ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, கண்டியில ஒருத்தர் இரிக்கார், அவரக் கூப்பிடுறேன். கிளப் டான்ஸில பாத்து முடிவு பண்ணுவோம்."

"உக்காந்தே வாசிச்சிர்றேனே?" என்றார் இராக்கம்மா.

"சாகக் கெடக்கிற ஆள் மாதிரியா? ஏலாது."

அன்று பஸ் நிலையம் வரை நான் அவரோடு நடந்தேன். எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அன்றைக்கு மூன்று சுற்று நின்று வாசித்தவருக்கு இன்றைக்கு என்ன தடை என்று கேட்டேன்.

"சேர், அன்னைக்கி எல்லாரும் கை தட்டுனாங்க. ஆனா நான் எந்திரிச்சது வாசிக்கறதுக்கு இல்லீங்களே. தொரைக்கி. நீங்க அந்தக் கதைய சொல்றப்பல்லாம் நானும் சிரிப்பேன். ஆனா ஒவ்வொரு தடவையும் இன்னொரு வாட்டி அவருக்கு எந்திரிச்ச மாதிரியே இருக்கும்."

பன்னிரண்டு வருடமாக அந்தப் பெண்ணை வாரத்துக்கு ஒருமுறை புஜத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். பகிடி என்று நினைத்துக்கொண்டு. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. கணக்கு வாத்திக்கு அது கடைசியாகத்தான் வரும்.

"வாசிக்கறதுக்குன்னே ஒரு தடவ எந்திரிச்சுப் பாக்கணுங்க சேர். முடியுமான்னு தெரியல" என்றார். பிறகு பஸ்ஸில் ஏறும்போது, "எங்க அம்மாவக் கூட்டிட்டு வரலாமா? ஒரு ஆளுக்கு விடுவாங்கல்ல?" என்று கேட்டார். அந்தக் கையை முதன்முதலில் பிடித்துத் தூக்கியவர் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

தேநீர் நடனத்தன்று பேச்சாயி அம்மா அதே கிளப்புக்கு வந்தார். நீலச் சேலை, தலையில் இன்னும் ஈரம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் குசினிப் பக்கமா நின்னுக்கிறேன் தம்பி. தொரமாரு வர்ற எடம்."

"உங்களுக்கெண்டு ஒரு கதிரை போட்டிருக்கு அம்மா. அதிலை நீங்கள் இருக்காட்டி அது சும்மாதான் கிடக்கும்" என்று சொல்லி, பியானோவுக்குப் பக்கத்தில், முன்வரிசை ஓரத்தில் உட்காரவைத்தேன். கதிரையின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் எழத் தயாராக, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இராக்கம்மா முதலாவது கதிரையில். அவருடைய ஸோலோ நாலாவது பாட்டில். அது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. நாலாவது பாட்டில் ட்ரம்பெட் ஸோலோவை நானாவே வாசித்தார். அதன் கடைசி எட்டு பார், நாலு தாள அடிக்கு ஒரு பார், பிறகு இராக்கம்மா. எட்டு பார் என்பது இந்த வேகத்தில் பதினைந்து வினாடிகூட இல்லை.

அந்த எட்டு பார் தொடங்கியதும் எதிரே இருந்த கதவு திறந்தது.

அதே தொரை. தலை நரைத்துவிட்டது. இப்போது கம்பனியில் பெரிய ஆள், பல தோட்டங்களுக்கு மேலே. பிந்தி வந்தவர் கதவருகே நின்று கதிரை தேடினார். மண்டபம் நிறைந்திருந்தது. பரிமாறுகிறவர்கள் கைகளைப் பிசைந்துகொண்டு அங்கும் இங்கும் ஓடினார்கள்.

என் விரல் தடுக்கி ஒரு பிழைச் சுரம் விழுந்தது. இது என்ன சோதனை என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது. இப்போது இராக்கம்மா எழுந்தால், அது யாருக்காக என்று இந்த மேடையில் எல்லோருக்கும் தெரியும். எழாமல் விட்டால், ஸோலோவுக்கும் எழாமல் போய்விடுவாரோ என்ற பயம் வேறு.

முதலில் எழுந்தது பேச்சாயி அம்மா. பாதி எழுந்துவிட்டார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டே மேடையைப் பார்த்தார், மகளும் எழுந்துவிட்டாளா என்று.

இராக்கம்மா தொரையைப் பார்த்தார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. முழங்கால் இரண்டும் ஒருமுறை அசைந்தன. குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. பிறகு மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக, தரையில் அழுந்தின. அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். வாத்தியம் வாயில் இருந்ததால் ஒன்றும் சொல்ல முடியாது. உட்கார்ந்தபடியே அம்மாவைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மூன்று பார். நாலு. பேச்சாயி அம்மா மகளைப் பார்த்தார், தொரையைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். ஐந்து. ஆறு. அவருடைய கை பின்னால் போய்க் கதிரையின் கைப்பிடியைத் தேடியது. உட்கார்ந்தார். இந்த முறை நுனியில் அல்ல, முதுகு சாய்ந்து.

ஏழு. எட்டு.

இராக்கம்மா எழுந்து நின்றார்.

நானாவின் கை தாழ்ந்தது, நாங்கள் அடங்கினோம். மூன்று சுரம் மேலே, ஒன்று கீழே. இந்த முறை அவசரமில்லை. யாரோ உட்காரும் வரை இழுக்க வேண்டிய தேவையும் இல்லை. தனக்குப் பிடித்த இடத்தில் நின்றார், பிடித்த இடத்தில் வளைத்தார். இரண்டாவது சுற்றில் பேச்சாயி அம்மா என் பக்கம் சாய்ந்து, "தம்பி, இது புள்ளைகளத் தூங்க வைக்கிற பாட்டுல்ல!" என்றார். நான் வாசிப்பதையும் மறந்து தலையாட்டினேன். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நாலு சுற்று வாசித்து, போதும் என்று தோன்றியபோது இராக்கம்மா உட்கார்ந்தார். கைதட்டல் எழுந்தது. தொரையும் கதவருகே நின்றபடி தட்டினார். நல்ல மனிதர்தான் போலிருக்கிறது.

இடைவேளையில் ஜெஸீம் நானா வந்து, "கண்டிக்காரருக்குக் கோல் எடுக்கிற வேல மிச்சம்" என்றார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. நான் இராக்கம்மாவிடம் போய், இனி அந்தப் பழைய கதையைச் சொல்வதில்லை என்றேன். மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் தடுமாறி.

"சொல்லுங்க சேர், பரவால்ல. ஆனா இனிமே இன்னைக்கி நடந்ததையும் சேத்துச் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டேன்.

இருட்டுவதற்கு முன் வேன் பதுளைப் பக்கம் புறப்பட்டது. பேச்சாயி அம்மா ஜன்னலோரம் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று ஏதோ உறுத்தியவர் போலச் சொன்னார்:

"பாவம் அந்தத் தொர. நீ வாசிச்சு முடியிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாரு. யாராச்சும் ஒரு நாக்காலி போட்டிருக்கலாம்."

இராக்கம்மா மடியில் இருந்த வாத்தியப் பெட்டியை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா" என்றார். "இன்னைக்கி ஒரு நாளு அவரு நிக்கட்டும்."